சொன்னாக் கேக்க மாட்டார்

“மேடம், தலையில மாட்டினா இருநூறு மீட்டர் அடிக்கும்” என்று எல்.இ.டி. விளக்கை நீட்டினான் கடைக்காரன்.

மீட்புக் குழுச் சீருடையில் இருந்தவள் உதட்டைப் பிதுக்கினாள். “ரெண்டடி அடிச்சாப் போதும். என் கை தெரியணும். எதிர்ல நிக்கிற என் வீட்டுக்காரருக்குக் கண்ணு கூசக் கூடாது.”

“அவர் எதுக்கு மேடம்?”

“ரெண்டு பேரும் ஒரே குழு. போன வாரம் குகைக்குள்ள, ‘பாறை சரியுது, வெளிய வாங்க’ன்னு எத்தனை தடவை சொன்னேன்! கேக்கல. மயிரிழையில தப்பிச்சார்.”

“சொன்னாக் கேக்காதவருக்கு லைட் என்ன பண்ணும்?”

“வெளிச்சம் இருந்தாக் கேப்பார்.”

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாளே என்று விழித்தான் கடைக்காரன்.

கணவர் உள்ளே வந்தார். “வாங்க சார்!” என்றான். அவர் திரும்பவே இல்லை.

அவள் அகல ஒளி விளக்கு ஒன்றை மாட்டி, கீழ்நோக்கிச் சாய்த்தாள். வெளிச்சம் விழுந்ததும் அவளுடைய பத்து விரல்களும் படபடவென்று பேசின. அவரும் விரல்களாலேயே பதில் சொன்னார்.

கடைக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது. “சார் என்ன சொல்றார் மேடம்?”

அவள் சிரித்தாள். “இனிமே இருட்டுலயும் உன் பேச்சைக் கேக்கணுமான்னு கேக்கிறார்.”