இன்றைய கேள்வி

கம்பத்தில் தன் அத்தா உமர் பாருக்கின் திராட்சை மண்டிக்கு மகள் ஷர்மின்தான் இணையதளம் நடத்துகிறாள். காசு கொடுத்துப் போலிக் கூட்டம் சேர்க்க மாட்டாள். ஜனங்கள் கூகுளில் என்ன தேடி வந்தார்கள் என்று காலையில் பார்த்து, அதற்கு உண்மையான பதிலை எழுதிப் போடுவாள். அப்படித்தான் தளம் வளர்ந்தது.

இன்று பாதி ஊர் ஒரே கேள்வியைத் தேடியிருந்தது: 'மண்டி உமர் பாருக் அடக்கம் எப்போது?'

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த அத்தா கேட்டார்: "என்னம்மா கேக்குறாக?"

"யாரோ வெளையாடுறாக அத்தா."

அவர் எட்டிப் பார்த்து, நிதானமாகப் படித்தார்.

"கேக்குறவகளுக்கு உண்மையச் சொல்லணும்னு நீதானம்மா சொல்லுவே" என்றபடி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "இன்னைக்குச் சாயந்தரம், அசர் தொழுகைக்கு அப்பறம்னு போடு."