மீதி மூன்று ரூபாய்

நாங்கள் பிரிந்த பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதிரேசன் மகளைப் பார்க்க வருவார். போன முறை அவளுக்கு மீதிச் சில்லறை கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். முக்காலிதான் கடை, பிஸ்கட் டப்பாதான் கல்லாப்பெட்டி. "சோப்பு பதினேழு ரூபா. நான் இருபது தர்றேன். பதினேழுக்கு மேல எண்ணிக்கிட்டே ஒவ்வொரு ரூபாயா என் கையில வை." அகல்யா பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று வைத்தாள். அன்று முழுக்க ஒருமுறைகூடத் தப்பவில்லை.

இன்றும் அதே கடை. மாலை ஆறு மணிக்குப் புறப்படும்முன் கடைசியாக ஒரு சோப்பு வாங்கினார். அவர் தந்த இருபது ரூபாய்த் தாளை டப்பாவில் போட்ட அகல்யா, மூடியை அழுத்தி மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மீதி எங்க, கடைக்காரம்மா?"

"சில்லறை இல்ல சார். நாளைக்கு வந்து வாங்கிக்கங்க."

"நாளைக்கா?"

"நாளைக்கு கண்டிப்பா மாத்தி வைக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காலையில் அந்த டப்பா நிறைய ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டுவைத்தவள் நான்தான்.

"எங்கிட்டயும் சில்லறை இல்ல," என்றேன்.