இன்னும் நாலு சர்வர்

தீபாவளி சீசனுக்கு எத்தனை கம்ப்யூட்டர் சர்வர் வேண்டும் என்று கணக்கிட்ட சரவணக்குமார், பட்டாசுக் கம்பெனி முதலாளி சுப்புலட்சுமியிடம் வந்தான்.

“அக்கா, நம்ம ஆர்டர் நிலவரத்தைக் கம்ப்யூட்டர்ல பாக்க வேண்டியது பன்னெண்டு பேருதான். தினமும் முந்நூறு பேரு உள்ள வாராக. அதான் சர்வர் திணறுது. என் பொறுப்புல இருந்த பாஸ்வேர்டு வெளிய போயிருச்சு.”

வேலை போய்விடும் என்று தலைகுனிந்து நின்றான்.

“இன்னும் நாலு சர்வர் போடு தம்பி.”

“பாஸ்வேர்டை மாத்திருவோம்க்கா.”

“மாத்தாத. அதைக் கசியவிட்டதே நான்தான்.”

சுப்புலட்சுமி தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எண்கள்.

“நம்ம நெச ஆர்டர் இதுல இருக்கு. கம்ப்யூட்டர்ல இருக்கிறது நான் இட்டுக்கட்டுனது. அதை நம்பி மத்த கம்பெனியெல்லாம் கம்பி மத்தாப்பா செஞ்சு குவிக்கிறாக. பாவம், பாக்க வாரவுகளைக் காக்க வைக்கலாமா?”