ஓசைப்படாமல்

காரின் முன்சக்கரத்தில் பிரேக் டிஸ்க் துருவேறி அச்சோடு ஒட்டிப்போயிருந்தது. அது கழன்றால்தான் கார் நகரும். கார் நகர்ந்தால்தான் ஞானத்தம்மாளைச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியும். மெக்கானிக் காதர் மைதீன் சுத்தியலை ஓங்கியபோது, காலையிலிருந்து ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய முனகல் நின்றது. அவள் கணவர் மரியசூசை காதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் உறங்குதா, பாய். வலியில ராத்திரியெல்லாம் பொட்டுக் கண்ணடைக்கல."

"அப்ப அடிக்க வேண்டாம் அண்ணாச்சி. நேரமாவும், ஆனா சத்தம் வராது."

டிஸ்க்கில் மரை போட்ட இரண்டு துளைகள் இருந்தன. அவற்றில் போல்ட்டுகளை நுழைத்து, அவை அச்சில் முட்டி டிஸ்க்கை வெளியே தள்ளும்படி, இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினார். மரியசூசை தோளிலிருந்த துண்டை மடித்துக் கீழே விரித்தார்.

"இரும்புக்கு மெத்தையா, அண்ணாச்சி?" காதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மரியசூசைக்கும் வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

போல்ட் கிரீச்சிட்ட ஒவ்வொரு முறையும் இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் டிஸ்க் பிடிவிட்டுத் துண்டின்மேல் மெத்தென்று விழுந்தது.

"வந்துட்டு" என்று காதர் கிசுகிசுத்தார்.

மரியசூசை ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார். ஜன்னலில் முனகல் இல்லை. புரண்டு படுக்கும் கட்டில் சத்தமும் இல்லை. வாசல்வரை போனவர், உள்ளே போகக் கால் வராமல் திரும்பி வந்தார்.

"பாய்... ஒரே ஒரு அடி அடியுங்க."

காதர் அவர் முகத்தைப் பார்த்தார். துண்டை உருவி அவர் தோளில் போட்டார். உதடுகளுக்குள் எதையோ ஓதியபடி, வெறுந்தரையில் கிடந்த இரும்பின்மேல் சுத்தியலை ஓங்கி இறக்கினார்.

தெருவெல்லாம் அதிர்ந்த அந்த ஓசை அடங்கும்வரை இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.