நெருப்பில் சூடில்லை

"இந்தப் பக்கம் கிடந்தால் தேறாது. கிழக்கே கொண்டுபோய், முகம் மேற்கே பார்க்க வையுங்கள்" என்றார் இன்ஜினியர் சி. சாமி. நாலு பேர் பதனமாகத் தூக்கினார்கள். அழகர்கோவில் சாலையில் மாட்டுவண்டியில் போனவர்கள், யாருக்கோ கடைசிக் காலம் போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

தூக்கியது ஆளை அல்ல. முழ நீளப் பித்தளைக் குழாய். சீமையிலிருந்து வந்த கருவி. முன்னால் கண்ணாடி, பின்னால் முள். சூளையைத் தொடவே வேண்டாம். தள்ளி நின்று, பக்கத்துக்கு ஒன்றாகச் சுவரில் விட்டிருக்கும் துவாரம் வழியாகத் தீயைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று முள் சொல்லிவிடும்.

சொல்லியிருக்க வேண்டும். காலையிலிருந்து சொல்லவில்லை.

சி. சாமி டி. கல்லுப்பட்டியில் பிறந்தபோது வெறும் சின்னச்சாமிதான். சென்னையில் கம்பெனி உத்தியோகம் கிடைத்ததும் பெயரில் பாதியை ஒரு புள்ளிக்குள் அடக்கிக்கொண்டார். "இந்தக் கருவியும் திரும்பி வந்தால், நீர் திரும்பி வர வேண்டாம்" என்று துரை சொல்லியனுப்பியதை மட்டும் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"பொழுது சாயுறதுக்குள்ள முள்ளு ஏறணும் சார். இல்லேன்னா மிசினை மூட்டை கட்டி ரயிலேத்திருவேன்" என்றார் ஓட்டுச் சூளை முதலாளி நல்லகாமன்.

"தெற்கே புகை மறைத்தது. இடம்தான் தவறு. இதெல்லாம் விஞ்ஞானம், உங்களுக்குப் புரியாது."

"புரிய வேணாம், ஏறுனாப் போதும். மலையாண்டி, பூசைச் சாமானை எடுத்தாடா!"

"மறுபடியுமா?"

"எடம் மாறிருச்சுல்ல? புது வீட்டுக்குப் போனா, பழைய வீட்டுல காய்ச்சுன பாலு போதும்னு விட்டுருவீகளா?"

பூசை நடக்கிற திசைக்கு முதுகைக் காட்டி நிற்பது சி. சாமியின் கொள்கை. மூடநம்பிக்கையைக் கண்ணால் பார்த்தாலே படிப்பு இறங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. புளியமரத்தடிக்குப் போய்ச் சுருட்டைப் பற்றவைத்தார். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டதும் வந்து, அனல் படாத பின்பக்கமாக நின்று முள்ளைப் பார்த்தார்.

முள் லேசாக நகர்ந்தது. வெந்நீர் அண்டாவுக்குத் தருகிற மரியாதையைச் சூளைக்குத் தந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டது.

"வெயில் குறுக்கே விழுகிறது. மேற்கே!"

மேற்கேயும் தூக்கினார்கள். அங்கும் தேங்காய் உடைந்தது. அங்கும் அதே அண்டா. "காற்று சரியில்லை" என்றார் சி. சாமி. காற்றுக்கு மறைப்புக் கட்டினார்கள். முள் மறைப்பையும் மதிக்கவில்லை.

பொழுது இறங்கியபோது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவை அறிவித்தார். "கருவியில் குறையில்லை. என் கணக்கிலும் குறையில்லை. உங்கள் நெருப்பில்தான் சூடு போதவில்லை."

சூளை ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நல்லகாமன் சிரிக்கவில்லை.

"மதுரைக்கு வந்து நெருப்புல சூடில்லேங்கிறீகளா? ஊரையே எரிச்சுப் பாத்த ஊருய்யா இது! உள்ள ஓடு அம்புட்டும் பழமாச் செவந்து கெடக்கு. நம்பலேன்னா கையை விட்டுப் பாருங்க!"

"கையை விடச் சொல்லாதீகண்ணே" என்றான் சூளைக் கங்காணி மலையாண்டி. "கை வெந்தாலும், முள்ளு ஏறலையே, அப்ப வேகலைம்பாரு."

சி. சாமிக்குத் துரையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. சென்னைத் தமிழ் கழன்று விழுந்து, உள்ளே இருந்த கல்லுப்பட்டி வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. எம் பொழப்பே இதுலதான் இருக்கு. வடக்க ஒரே ஒரு தடவை வச்சுப் பாத்துருவோம். ஏறலேன்னா நானே ரயிலேத்திட்டுப் போயிறேன்."

'சார்' போய் 'அண்ணே' வந்ததும் நல்லகாமன் இளகிவிட்டார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, மாப்ள? அடேய், வடக்க வைங்கடா!"

வைத்தார்கள். வேலையே போகிற நேரத்திலும் கொள்கையை விடாத சி. சாமி, வழக்கம்போலப் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் நல்லகாமன் குரல் கேட்டது.

"மலையாண்டி, இந்தத் தடவையும் கண்ணாடி தெரியாமச் சந்தனத்தை அப்புடா, தீக்குக் கண்ணு பட்டுறப் போகுது!"