வாயை மட்டும் அசைத்தால் போதும்

"வாயை மட்டும் அசைங்க, செனாடா. சத்தம் வர வேண்டாம்" என்றாள் பாடற்குழுவை நடத்தும் லோரெய்ன், போனில்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நிகழ்ச்சிக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. செனாடா ரொட்டி மாவு ஒட்டிய கையோடு நின்றாள்.

நேற்றைய ஒத்திகையில் கீழ்க்குரல் வரிசையில் ஒரு குரல் சுருதியை விட்டு இறங்கியது என்றும், மேயர் வேறு வருகிறார் என்றும், மனம் நோகக் கூடாதே என்றுதான் தனியாகச் சொல்வதாகவும் லோரெய்ன் தேன் தடவிப் பேசினாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

செனாடா சரி என்றாள். பொஸ்னியாவிலிருந்து அமெரிக்காவின் யூட்டிகா நகருக்கு வந்த இந்த இருபது வருடங்களில் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

கணவன் மிர்சாத் காபியை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"சத்தமில்லாம வாயசைக்க உனக்கு வரும்னு இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே. வீட்லயும் கொஞ்சம் பழகிப் பாரேன்."

"கையில மாவு இருக்கு. மூஞ்சியில அப்பிடுவேன்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று அவர்கள் பாடவிருந்தது, நியூயார்க் மாநிலத்துப் பெண்கள் ஓட்டுரிமை பெற்று நூறு வருடம் ஆனதைக் கொண்டாடும் பாட்டு. 'இனி எங்கள் குரலைக் கேளுங்கள்' என்ற அடி, கீழ்க்குரல் பெண்கள் எட்டுப் பேருக்கு மட்டும். மூன்று மாதமாக அந்த ஓர் அடியைப் பாடித்தான் பாத்திரம் தேய்த்திருக்கிறாள்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் பாடிப் பார்த்தாள். கரையில் போட்ட மீன் போலிருந்தது.

போன செவ்வாய்க்கிழமைதான் இந்த நாட்டில் முதல் முறையாக ஓட்டுப் போட்டாள். ஓட்டுச் சீட்டில் வட்டத்தை நிரப்பும்போது மை கோட்டுக்கு வெளியே போய்விட்டது. இயந்திரம் மறுபேச்சில்லாமல் சீட்டை விழுங்கிக்கொண்டது. அழகாக நிரப்பத் தெரியாதவர்கள் பேனாவை மட்டும் அசைத்தால் போதும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

பாடிவிடுவது என்று முடிவு செய்தாள். மற்ற ஏழு குரல்களுக்குள் தன் குரல் ஒளிந்துகொள்ளும். லோரெய்னுக்குத் தெரியவா போகிறது?

தேவாலய அரங்கு நிரம்பியிருந்தது. வெள்ளை உடையில் செனாடா நின்றாள். ஒரு பக்கம் இத்தாலியக் குடும்பத்துக் கொன்செத்தா, மறுபக்கம் சோமாலியாவிலிருந்து வந்த ஹலீமோ. ஓயாமல் வம்பளக்கும் இருவரும் இன்று ஏனோ பேசவில்லை. அவளுக்கு அது வசதியாகவே இருந்தது. முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவாள்.

லோரெய்ன் கீழ்க்குரல் வரிசையை நோக்கிக் கையை உயர்த்தினாள். செனாடா கண்களை மூடிக்கொண்டு பாடினாள்.

கரகரப்பான, கனத்த குரல் ஒன்று கூரை வரை போய், தனியாகத் திரும்பி வந்தது. அது தன்னுடையது என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆனது. கண்ணைத் திறந்தாள். வரிசையில் மற்ற ஏழு வாய்களும் அழகாக அசைந்துகொண்டிருந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை.

கொன்செத்தா அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"ஏன்டி, லோரெய்ன் உனக்கு மட்டும் போன் பண்ணலையா?"