தளபதியின் இருமல்

மதியச் சோற்றுக்காக உப்பளத்திலிருந்து கரையேறிய நாங்கள் ஒரு கைபேசியைச் சுற்றி நின்றோம். எங்கள் பிள்ளைகளை லொறியில் ஏற்றிப் போன தளபதியைப் போர்க்குற்றவாளி என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆயுள் தண்டனை. திரையில், கூண்டில் நின்றவன் விடாமல் இருமினான்.

"இருமியே சாகட்டும், நாய்" என்றான் அருமைத்துரை. எல்லோரும் சிரித்தோம்.

"வாயைக் கழுவடா" என்று சீறினாள் மரியநேசம் அக்கா. "என்ரை பெடியனை எங்க புதைச்சுத் தாட்டதெண்டு அவன் இன்னும் வாய் திறக்கேல்லை. அவன் செத்தா நான் ஆரிட்டைப் போய்க் கேப்பன்?"

காவலர்கள் தளபதியை உள்ளே கூட்டிப்போனார்கள். அக்கா உப்பில் வெடித்த விரலால் திரையைத் தொட்டாள்.

"அந்த நாட்டுச் சிறையில சரியான குளிராம். அவனுக்கு ஒரு கம்பளியாவது குடுப்பாங்களோ, தம்பி?"